மரத்தரைக்கு எமன் தண்ணீர்தான்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் மரத்தரை போடுவது, பராமரிப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதி "எந்த மரம் நல்லது?" என்று கேட்கின்றன, மீதி "போட்ட பிறகு இப்படி ஆகிவிட்டதே" என்று கேட்கின்றன. இந்த இரண்டாவது வகையைத் துருவிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஈரத்தில் போய்த்தான் நிற்கின்றன. அதனால் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் ஈரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் மூன்று மாதிரிப் பலகைகளைக் காட்டினார்கள். மூன்றும் ஓக் மரம் போலத்தான் இருந்தன. ஒன்று முழு மரம், ஒன்று எஞ்சினியர்டு, இன்னொன்று லேமினேட் என்றார்கள். எப்படி அடையாளம் காண்பது? எதை வாங்கலாம்?

மேல்பக்கத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பலகையைக் கையில் எடுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். முழு மரம் என்றால் மேலே ஓடும் ரேகை அப்படியே விளிம்பில் இறங்கி அடிவரை தொடரும். எஞ்சினியர்டு என்றால் மேலே ஒரு மர அடுக்கு, அதற்குக் கீழே பிளைவுட் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பது தெரியும். லேமினேட்டில் நடுவே இருப்பது அழுத்தி இறுக்கிய பழுப்பு நிற மர நார்த்தூள், மேலே இருப்பது மரத்தின் படம் அச்சடித்த தாள், அதன்மேல் ஒரு கடினமான பிசின் படலம். பெட்டியிலிருந்து ஏழெட்டுப் பலகைகளை எடுத்துத் தரையில் பரப்பினால் அதே முடிச்சு, அதே கோடு இன்னொரு பலகையிலும் அச்சு அசலாக வந்து நிற்கும். மரத்தில் அப்படி வரவே வராது.

லேமினேட் மட்டமான பொருள் என்று சொல்ல மாட்டேன். கீறல் தாங்குவதில் பல மரத்தரைகளைவிட அது தேவலை. ஆனால் தேய்ந்தால் தேய்ந்ததுதான், இழைத்துப் புதிதாக்க முடியாது, விளிம்பில் தண்ணீர் இறங்கி உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அது என்னவென்று தெரிந்து வாங்கினால் சரி.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். முழு மரப் பலகை சாதாரணமாக 18, 19 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அவ்வளவையும் இழைத்து இழைத்துப் பயன்படுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பலகைகளைக் கோக்கும் நாக்கும் காடியும் நடுவில் இருப்பதால், அதற்கு மேலே இருக்கும் 6 மில்லிமீட்டர் அளவுதான் உங்கள் கையிருப்பு. எஞ்சினியர்டு பலகையில் மேல் அடுக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர் இருந்தால் அதன் ஆயுள் முழு மரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதுவே 0.6 மில்லிமீட்டர் என்றால் இழைக்கும் பேச்சுக்கே இடமில்லை. 2 மில்லிமீட்டர் என்றால் கவனமாக ஒரு முறை. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "மேல் அடுக்கு எத்தனை மில்லிமீட்டர்?" என்பதுதான். மொத்தத் தடிமனைச் சொல்லி மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கான்கிரீட் தரையின் மேல் போடுவதாக இருந்தாலோ, தரைக்கடியில் சூடேற்றும் குழாய் ஓடும் வீடாக இருந்தாலோ நான் எஞ்சினியர்டைத்தான் சொல்வேன். குறுக்கு அடுக்குகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதால் விரிவதும் சுருங்குவதும் குறைவு. மரச்சட்டத்தின் மேல் பிளைவுட் அடித்த தளம் என்றால் முழு மரத்தைத் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: இருப்பதிலேயே கெட்டியான மரம் எது? அதைப் போட்டுவிட்டால் கவலையில்லாமல் இருக்கலாம் அல்லவா? தேக்குதான் ராஜா என்று அப்பா சொல்கிறார்.

அப்பா சொல்வது ஒருவகையில் சரி, ஆனால் காரணம் கெட்டித்தன்மை இல்லை. மரத்தின் கெட்டித்தன்மையை ஜான்கா எண்ணில் சொல்வார்கள். கேப்ரியல் ஜான்கா என்ற ஆஸ்திரிய மர ஆய்வாளர் 1906-இல் வகுத்த சோதனை அது: 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையை அதன் பாதி அளவு மரத்துக்குள் புதையும்வரை அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். பவுண்டுக் கணக்கில் சிவப்பு ஓக் 1290, கெட்டி மேப்பிள் 1450, வால்நட் 1010. தென் அமெரிக்காவின் ஜடோபா 2300-ஐத் தாண்டும். தேக்கு ஆயிரத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். நாற்காலிக் கால் குத்தினால் ஓக்கைவிடத் தேக்கில் சீக்கிரம் பள்ளம் விழும்.

அப்படியென்றால் தேக்குக்கு ஏன் அந்தப் பெயர்? அதில் இயற்கையாக எண்ணெய்ப்பசை உண்டு, கரையானும் பூஞ்சையும் அதன் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, எளிதில் தொடாது, எல்லாவற்றுக்கும் மேலாக அது அசையாது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது சிவப்பு ஓக் அகலத்தில் 8.6 சதவீதம்வரை சுருங்கும், தேக்கு 6 சதவீதத்துக்குள் நின்றுவிடும். தரைக்கு இந்தக் குணம்தான் முக்கியம். பள்ளத்தைக் கண் பழகிவிடும். பலகை நெளிந்தால் காலில் இடறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் யோசியுங்கள். தினமும் விழும் சின்னக் கீறல்கள் மரத்தில் விழுவதில்லை, மேல்பூச்சில் விழுகின்றன. எவ்வளவு கெட்டி மரமாக இருந்தாலும் அதன் மேல் இருக்கும் பூச்சு அதே பூச்சுதான். ஓக், ஆஷ் மாதிரி ரேகை அழுத்தமாக ஓடும் மரத்தில் கீறல் ரேகையோடு ரேகையாக மறைந்துவிடும், வழவழவென்று ஒரே நிறமாக இருக்கும் மேப்பிளில் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும், அதிலும் கருஞ்சாயம் ஏற்றிப் பளபளப்புப் பூச்சு அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். சிறு பிள்ளைகளும் நாயும் ஓடும் வீட்டுக்கு, வெளிர் நிறத்தில், ரேகை நன்றாகத் தெரியும் மரம், மங்கல் பூச்சு. என் தேர்வு அதுதான்.

கேள்வி: கான்கிரீட் போட்டு ஆறு வாரம் ஆகிறது. மரம் வந்து இறங்கிவிட்டது. "மூன்று நாள் வீட்டுக்குள் வைத்திருந்து பழக்கிவிட்டால் போதும், அடுத்த வாரம் போட்டுவிடலாம்" என்கிறார் வேலைக்காரர். சரிதானா?

வேண்டாம். கையெழுத்துப் போடாதீர்கள், ஆளை வரவிடாதீர்கள்.

கான்கிரீட் பார்க்கக் காய்ந்தது போலத்தான் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 100 மில்லிமீட்டர் தளம் என்றால் நான்கு மாதம், காற்றோட்டம் இல்லாத இடமாக இருந்தால் அதற்கும் மேல். ஒரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம்: இரண்டு சாண் அகலமுள்ள தெளிவான பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளி நின்றாலோ, அந்தச் சதுரம் மட்டும் சுற்றியிருக்கும் தரையைவிடக் கறுத்துத் தெரிந்தாலோ, வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஆனால் ஷீட் காய்ந்திருந்தால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கொட்டும் ஈரத்தை மட்டும்தான் காட்டும். தளத்தில் துளையிட்டு உள்ளே கருவி வைத்து அளப்பதுதான் நம்பகமானது, மரம் ஒட்டும் பசையைத் தயாரித்தவர்கள் எந்த அளவுவரை சம்மதம் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள்.

அந்த "மூன்று நாள்" விஷயம். மரம் நாட்காட்டி பார்ப்பதில்லை. சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்கேற்ப மரம் தன் ஈரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும். சாதாரண அறை வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் மரத்தில் 6 சதவீத ஈரம் தங்கும், 50 சதவீதமாக இருந்தால் 9, 80 சதவீதமாக இருந்தால் 16. ஆள் குடியேறி, கதவு ஜன்னல் போட்டு, ஏசியோ ஹீட்டரோ ஓடும் வீட்டில் என்ன நிலை இருக்குமோ அந்த நிலையை முதலில் உண்டாக்கிவிட்டு, அதற்கு மரம் வந்துசேர்ந்ததா என்று ஈரமானியை வைத்துப் பார்க்க வேண்டும். சுவர்ப் பூச்சு காயாத, ஜன்னல் கண்ணாடி போடாத வீட்டில் மூன்று நாள் அடுக்கி வைத்தால் மரம் ஈரத்தைக் குடிக்கும், வேறெதுவும் நடக்காது. நன்றாக உலர்த்தி வந்த சரக்கை நாமே கெடுத்த கதையாகிவிடும்.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம், கணக்கையே பாருங்கள். 125 மில்லிமீட்டர் அகலமுள்ள சிவப்பு ஓக் பலகையின் ஈரம் 4 சதவீதம் மாறினால் அதன் அகலம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் மாறும். ஒரு பலகைக்கு 2. அறையின் குறுக்கே முப்பது பலகை இருக்கிறது. அவை எல்லாம் சேர்ந்து விரிந்தால் எங்கே போகும்? சுவரோரம் 10 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் (சுவரடிப் பட்டையால்) மறைப்பது இதற்காகத்தான், அதையும் மீறினால் தரை நடுவில் கூரை போலத் தூக்கிக்கொள்ளும்.

மரத்தளத்தின் மேல் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: தளத்தின் ஈரத்துக்கும் பலகையின் ஈரத்துக்கும் உள்ள வித்தியாசம், 75 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலப் பலகைக்கு 2 சதவீதத்துக்குள், அதைவிடக் குறுகிய பலகைக்கு 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளந்த எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஈரமானியே கொண்டுவராத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வறண்ட மாதங்களில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. மக்கு வைத்து அடைத்துவிடலாமா?

ஈரமான மாதங்களில் அந்த இடைவெளி தானாக மூடிக்கொள்கிறது என்றால் தொடாதீர்கள். இப்போது அடைத்தால், பலகை திரும்ப விரியும்போது மக்கு நொறுங்கி வெளியே தள்ளப்படும், இல்லாவிட்டால் விளிம்புகள் ஒன்றை ஒன்று நசுக்கும், அடுத்த வறட்சியில் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும். வருடம் முழுக்க மூடாமல் நிற்கும் அகலமான இடைவெளிக்கு மட்டும் அதே மரத்தில் மெல்லிய சிம்பு சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகலாம். மற்றபடி வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதத்தை 30-க்கும் 50-க்கும் நடுவே, அதிகம் ஏறி இறங்காமல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டி வையுங்கள். மரத்தரை உள்ள வீட்டில் கடிகாரத்துக்கு அடுத்தபடி அதுதான் வேண்டும்.

கேள்வி: எங்கள் தரை நடக்கும்போது அலை அலையாக உறுத்துகிறது. ஒவ்வொரு பலகையும் ஓரத்தில் தூக்கி நடுவில் குழிந்திருக்கிறது. மெஷின் வைத்து இழைத்துச் சமப்படுத்தலாம் என்கிறார்கள்.

முதலில் இதைச் செய்யுங்கள்: இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, பலகைகளுக்குக் குறுக்காக ஒளி போகும்படி அடியுங்கள். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் ஒரு நிழல் கோடு விழும். அந்த நிழல் எந்த இடத்தில் தடிமனாக இருக்கிறது, எந்தப் பக்கம் போகப்போக மெலிந்து மறைகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தரையே காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் குளியலறைச் சுவரோரம், பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் பின்னால், ஏசியின் தண்ணீர்க் குழாய் இறங்கும் மூலை, இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். அறை முழுக்க ஒரே சீராகக் குழிந்திருந்தால் அடித்தளத்து ஈரம், அல்லது தினமும் வாளித் தண்ணீரில் துடைக்கிறீர்கள்.

பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஈரமாக இருக்கும்போது அடி விரிகிறது, மேல் விரியவில்லை, ஓரங்கள் தூக்குகின்றன. இப்போது இழைத்தால் என்ன ஆகும்? தூக்கியிருக்கும் ஓரங்களைச் சீவிவிடுவீர்கள். பிறகு அடி காயும், பலகை நேராகும், அப்போது ஓரம் தாழ்ந்து நடு புடைத்து நிற்கும். அதைச் சரிசெய்ய மறுபடி இழைக்க வேண்டும், இருக்கிற கையிருப்பு அதிலேயே போய்விடும். கசிவை அடையுங்கள், காற்றோட்டம் கொடுங்கள், வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் பொறுங்கள். மேலும் கீழும் ஈரம் சமமாகிவிட்டது என்று மீட்டர் காட்டிய பிறகும் குழிவு இருந்தால் அப்போது இழைக்கலாம். பல தரைகள் இழைக்காமலே தாமாகப் படிந்துவிடுகின்றன.

கேள்வி: தினமும் எப்படித் துடைப்பது? தண்ணீர் விட்டுத் துடைக்காமல் சுத்தமான மாதிரியே தோன்றவில்லை. ஸ்டீம் மாப் வாங்கலாமா? வினிகர் கலந்து துடைக்கலாமா?

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, ஆனால் மரத்தரையின் அழுக்கு வேறு வகை. ஒட்டியிருக்கும் கறையைவிட உதிரியாகக் கிடக்கும் மணல்தான் அதன் பெரிய எதிரி. செருப்போடு உள்ளே வரும் மணல் துகள் காலடியில் சிக்கி உப்புத்தாள் போலப் பூச்சைத் தேய்க்கும். வாசலில் இருந்து ஹாலுக்கு நடக்கும் வழி மட்டும் முதலில் மங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அதனால் முதல் வேலை கால்மிதி, கதவுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இரண்டாவது, தினமும் மென்மையான துடைப்பமோ உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியோ. வேக்குவம் கிளீனர் என்றால் சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

ஈரத்துணி வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். ஈரம் என்றால், நன்றாகப் பிழிந்த துணி. துடைத்த இடம் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், அதற்குமேல் பளபளவென்று ஈரம் நின்றால் நீங்கள் பிழிந்தது போதவில்லை. பூச்சு பலகையின் மேலே இருக்கிறது, இடுக்குகளில் இல்லை. வாளித் தண்ணீர் நேராக அந்த இடுக்குக்குள்தான் இறங்கும்.

ஸ்டீம் மாப் வேண்டவே வேண்டாம். சூடும் நீராவியும் சேர்ந்து பூச்சின் நுண்ணிய விரிசல் வழியாக மரத்துக்குள் போகும், சில மாதத்தில் பூச்சு வெளுத்து உரியும். விளம்பரத்தில் மரத்தரையில் ஓட்டிக் காட்டினாலும் சரி, தரைக்கு உத்தரவாதம் கொடுத்த கம்பெனி என்ன சொல்கிறது என்று அவர்கள் தாளைப் படியுங்கள். வினிகர் ஒரு அமிலம், ஒருநாளில் ஒன்றும் செய்யாது, தொடர்ந்து பழகினால் பளபளப்பை மங்கடிக்கும். மரத்தரைக்கென்று விற்கும், அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைத் திரவம் எதுவாக இருந்தாலும் போதும்.

எண்ணெய் சோப்பும், மெழுகுப் பாலிஷும் பாலியூரிதேன் பூச்சுக்கு, அதாவது மரத்தின் மேல் படலமாக நிற்கும் பூச்சுக்கு, ஆகாது. போட்ட அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். நாலைந்து வருடம் கழித்து மேலே ஒரு கோட் அடிக்க நினைக்கும்போது, அந்த மெழுகுப் படலம் புதிய பூச்சை ஒட்டவிடாது. முழுக்க இழைத்தே தீர வேண்டிய நிலைக்குக் கொண்டுவிடும்.

கேள்வி: நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குல்லா போட்டால் போதுமா?

ரப்பர் வேண்டாம், சில வகை ரப்பரும் பிவிசியும் பூச்சோடு வினைபுரிந்து அழியாத மஞ்சள் கறையை விடும். தரை விரிப்புகளின் அடிப்பக்கத்துக்கும் இதே எச்சரிக்கை. கம்பளி ஃபெல்ட் ஒட்டுங்கள், ஆனால் ஒட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள்: அதில் மணல் ஏறிவிட்டால் ஃபெல்ட்டே கீற ஆரம்பிக்கும். நாற்காலியைக் கவிழ்த்து, விரலால் தடவிப் பாருங்கள், நெறுநெறுத்தால் மாற்றுங்கள்.

கேள்வி: விரிப்பை எடுத்தால் அடியில் வேறு நிறம்!

வெயில். செர்ரி, ஜடோபா மரங்கள் ஒளிபட்டுக் கறுக்கும், வால்நட் வெளுக்கும். விரிப்பை விலக்கி வையுங்கள், பெரும்பாலும் சில மாதத்தில் மறைந்த இடமும் மற்றதை எட்டிப் பிடித்துவிடும். புதுத்தரை என்றால் முதல் வருடம் விரிப்பையும் சோபாவையும் அவ்வப்போது இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: பூச்சு எது நல்லது? எண்ணெயா, பாலியூரிதேனா? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை இழைக்க வேண்டும்?

பாலியூரிதேன் மரத்தின் மேல் ஒரு படலமாக நிற்கும். அதில் எண்ணெய் கலந்தது மெல்ல மஞ்சள் பூக்கும், வாசனை கடுமை, கோட்டுக்குக் கோட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். தண்ணீர் கலந்தது நிறம் மாற்றாது, சில மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம். இரண்டிலும் மேலே காய்ந்தது வேறு, உள்ளே முழுக்க இறுகியது வேறு. இறுக வாரக்கணக்கில் ஆகும், அதுவரை விரிப்பு போட்டு மூடக் கூடாது. மெழுகு கலந்த எண்ணெய்ப் பூச்சு மரத்துக்குள் ஊறி நிற்கும். தேய்மானம் சீக்கிரம் தெரியும், ஆனால் தேய்ந்த இடத்தில் மட்டும் தடவிச் சரிசெய்துகொள்ளலாம், அறை முழுக்கக் காலிசெய்ய வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை மெனக்கெடத் தயார் என்றால் எண்ணெய், போட்டுவிட்டு வருடக்கணக்கில் மறக்க வேண்டும் என்றால் பாலியூரிதேன். தொழிற்சாலையிலேயே அலுமினியம் ஆக்சைடு கலந்து பூசி வருவது இவற்றையெல்லாம்விடக் கெட்டி, அதே காரணத்தால் பின்னால் இழைக்கும்போது உயிரை வாங்கும்.

எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது, தரையைக் கேளுங்கள். அதிகம் நடமாடும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், சோபாவுக்கு அடியில் ஒரு சொட்டு. இரண்டும் முத்தாக நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். நடமாடும் இடத்துச் சொட்டு சில நிமிடத்தில் பரவி மரம் லேசாகக் கறுத்தால் பூச்சு மெலிந்துவிட்டது. விழுந்த உடனே உறிஞ்சிக்கொண்டால் பூச்சே போய்விட்டது. இந்தக் கடைசி நிலைக்கு விடாதீர்கள். பூச்சு மங்கியிருக்கும்போதே மேலாக லேசாகத் தேய்த்து ஒரே ஒரு கோட் அடித்துவிட்டால் மரத்தைத் தொடவே தேவையில்லை. இதைக் காலத்தில் செய்துவந்தால் பல பத்தாண்டுகள் இழைக்காமலே ஓட்டலாம். தூசி பறக்க எல்லாவற்றையும் இழைத்துத் தள்ளுவதை யாராவது எடுத்த எடுப்பில் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது, திரும்பக் கிடைக்காத மரம் அல்லவா போகிறது.

கேள்வி: பூந்தொட்டி வைத்த இடத்தில் கன்னங்கரேலென்று வட்டம். துடைத்தால் போகவில்லை.

வெள்ளையாகப் பனிபடர்ந்த மாதிரி இருந்திருந்தால் ஈரம் பூச்சோடு நின்றுவிட்டது என்று அர்த்தம், பெரும்பாலும் தானே மறையும். கறுப்பு என்றால் மரத்துக்குள் போய்விட்டது. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். தண்ணீரில் இருக்கும் கொஞ்சம் இரும்பு அதோடு சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பு உண்டாகும். பழைய காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் தயாரித்தார்கள். சாதாரண குளோரின் பிளீச் இதற்குப் பயன்படாது, ஆக்சாலிக் அமிலம்தான் மருந்து. கறை உள்ள பலகையின் பூச்சை மட்டும் உப்புத்தாளால் நீக்கிவிட்டு, அமிலக் கரைசலை வெதுவெதுப்பாகத் தடவி, காயவிட்டு, சோடா உப்புக் கரைசலால் முறித்து, சுத்தத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். முழுப் பலகைக்கும் தடவுங்கள், இல்லாவிட்டால் வட்டம் போய் வெளுத்த வட்டம் வரும். இது நஞ்சு. கையுறை, கண்ணாடி கட்டாயம். காய்ந்த படிகத்தைப் பெருக்கவோ உரசவோ செய்யாதீர்கள், மூக்கில் ஏறினால் ஆபத்து.

கூடவே ஒன்று: ஓக் தரையில் இரும்புக் கம்பளியால் தேய்க்காதீர்கள். உதிர்ந்த இழைகள் ரேகைக்குள் தங்கி, அடுத்து ஈரம் பட்டதும் மிளகு தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள் எழும்பும்.

கேள்வி: தரை கிறீச்சிடுகிறது. ஆபத்தா?

இல்லை. பலகை ஆணியோடோ பக்கத்துப் பலகையோடோ உரசுகிறது. ஈரக்காலத்தில் அடங்கிவிடும் சத்தம் என்றால் விட்டுவிடுங்கள். தாங்க முடியாவிட்டால் இடுக்கில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி மேலே நடந்து இறக்கிவிடுங்கள்.

கேள்வி: பலகையில் குண்டூசித் துளைகள், பக்கத்தில் மாவாகத் தூள்.

உளுக்கிறது. மரத்தூளுண்ணி வண்டு வேலை. வைரத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் வெளிர் நிறப் பாகத்தைத்தான் தின்னும், அதில்தான் மாவுச்சத்து இருக்கிறது. துளை பழையதாகவும் இருக்கலாம், அதனால் தூளைக் கூட்டிவிட்டு ஒரு கறுப்புத் தாளை வைத்து இரண்டு மூன்று வாரம் பாருங்கள். புதுத்தூள் விழுந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். மாவாக இல்லாமல், கையில் உருட்டினால் மணி மணியாக, ஆறு பட்டையோடு இருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம், ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: இழைக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து நாமே இழைக்கலாமா?

சின்ன அறை, முழு மரம், பொறுமை, மூன்றும் இருந்தால் செய்யலாம். உருளை மெஷினில் ஒரே ஒரு விதி: உருளை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி நின்றாலும் பள்ளம், அந்தப் பள்ளம் பூச்சு அடித்த பிறகுதான் முழுசாகத் தெரியும். 40 எண் உப்புத்தாளில் தொடங்கினால் 60, 80, 100 என்று வரிசையாகப் போங்கள். நடுவில் தாண்டினால் முதல் தாளின் கீறல்கள் அடியிலேயே தங்கிவிடும்.

நல்ல முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பழைய வீடு என்றால் பூச்சில் ஈயம் இருக்கலாம், சோதித்துப் பார்க்காமல் இழைக்கக் கூடாது. மெஷினின் தூசிப்பையை இரவில் வீட்டுக்குள் விடாதீர்கள், உள்ளே சூடேறிப் புகைய வாய்ப்புண்டு.

எண்ணெய்ப் பூச்சு தடவிய துணியும் அப்படித்தான், இன்னும் மோசம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது காற்றோடு வினைபுரிந்து சூட்டைக் கிளப்பும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றில் போய்விடும், சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் உள்ளேயே தேங்கி, சில மணி நேரத்தில் நெருப்பு வைக்காமலே தீப்பிடிக்கும். வேலை முடிந்து களைத்துப்போன நேரத்தில்தான் இந்தத் தவறு நடக்கிறது. அதனால் டப்பாவைத் திறக்கும் முன்பே மூடியுள்ள ஒரு இரும்பு வாளியில் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், ஒவ்வொரு துணியும் கையை விட்டதும் நேராக அதற்குள் போகட்டும்.